தாத்தாவின் கழனிக்குத் திரும்பினோம்

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி விழாவில் பேச வேண்டும் என்று எங்களை அழைத்தபோது, “நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லவே, ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகள்தானே” என்று தயங்கினோம். “ஊருக்குப் போய்த் தோட்டம் போட்டீர்களே, அதைச் சொன்னால் போதும்” என்றார்கள். ஆகவே அதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம். அண்ணனும் தங்கையுமாக இருவரும் சேர்ந்து எழுதி, ஒருவர் வாசிக்கிறோம். பிழை இருந்தால் இருவரையும் சேர்த்தே மன்னியுங்கள்.

யூபிலி என்றவுடன் நமக்குக் கொடியும் தோரணமும் தேரும் விழா மலரும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் வேறு. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டு வந்தால் நிலத்துக்கு ஓய்வு, உழவில்லை, விதைப்பில்லை. கடனுக்காகக் கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். பிழைப்புக்காகப் பிரிந்து போனவன் தன் சொந்த நிலத்துக்குத் திரும்ப வேண்டும். ஆக, யூபிலி என்பது முதன்முதலில் மண்ணைப் பற்றிய ஏற்பாடு. வீடு திரும்புவதைப் பற்றிய ஏற்பாடு. எங்கள் குடும்பம் அப்படித் திரும்பிய கதை ஒன்று உண்டு. அதில் பெருமைப்படவும் இருக்கிறது, வெட்கப்படவும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறோம்.

கழனியும் ஆலையும்

நம் மாத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். அதற்கு முன் ஊராட்சி. அதற்கும் முன் ஏரியும் கழனியுமாக இருந்த கிராமம். இங்கே நம்மில் பெரும்பாலோர் வந்து குடியேறியவர்கள். செய்யாறு, திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. நெல்லை, தூத்துக்குடி, குமரியிலிருந்து வந்தவர்களும் உண்டு. துறைமுகமும் ஆலைகளும் நம்மை அழைத்தன. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1971இல் உர ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. எண்ணூரில் 1970இல் அனல்மின் நிலையம் வந்தது. அவற்றைச் சுற்றி எத்தனையோ பட்டறைகளும் தொழிற்கூடங்களும் முளைத்தன.

எங்கள் அப்பாவும் அந்தக் காலத்தில்தான் மணலிப் பக்கம் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் ஊர் வெகு தொலைவில் இல்லை. திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் தாண்டி அனுப்பம்பட்டு. அங்கே இறங்கி மேற்கே நடந்தால் எங்கள் சிற்றூர். தெற்கே கொசத்தலையாறு, வடக்கே ஆரணி ஆறு, நடுவே எங்கள் தாத்தாவின் இரண்டரை ஏக்கர் கழனி. நவரை, சொர்ணவாரி, சம்பா என்று மூன்று பட்டம் நெல் விளைந்த பூமி அது. கிணற்றில் பதினைந்து அடியில் தண்ணீர் நின்றது. ஏற்றம் இறைக்கும்போது தாத்தா கணக்குப் பாடுவாராம். அந்தப் பாட்டை அப்பா எங்களுக்குப் பாடிக் காட்டியிருக்கிறார். மோட்டார் வந்தபின் அந்தப் பாட்டு நின்றது.

முழுப் பரீட்சை முடிந்ததும் எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும் திண்ணை, நுங்கு, மாவடு, நவரை அறுவடையில் களத்துமேட்டில் குவியும் நெல், ஆயா சுடும் கேழ்வரகு அடை, இவைதான் எங்களுக்கு வசந்த காலம். குளிர் நாடுகளில் வசந்தம் என்றால் பனி உருகி நிலம் ஈரமாகும் காலம். நமக்கோ மாசி, பங்குனி போய்ச் சித்திரை பிறந்தால் மாமரம் காய்த்துத் தொங்கும், மண் வெடித்துக் கிடக்கும். நம் ஊர் வசந்தம் மண்ணைப் பக்குவம் செய்து மழைக்குக் காத்திருக்கும் காலம். இது சிறுவயதில் எங்களுக்குப் புரியவில்லை. பிற்பாடு புரிந்தது.

தண்ணீர் போன வழி

இனி வெட்கப்பட வேண்டிய பகுதி.

ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் குடியேறிய நகரத்துக்கும் தண்ணீர் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? 1960களின் பிற்பகுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நீர் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் எங்களைப் போன்ற விவசாயிகள் ஏற்றத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் பூட்டினோம். எல்லோரும் ஒரே பானையில் அகப்பை விட்டோம். எங்கள் அப்பா மணலியில் வாங்கிய சம்பளத்துக்கும் எங்கள் தாத்தாவின் கிணற்றுக்கும் பூமிக்கடியில் ஓர் உறவு இருந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. எங்களுக்கும் வெகு காலம் தெரியாது.

கடலோரத்தில் பூமிக்கடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நல்ல தண்ணீர் லேசானது. ஆகவே உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், அது கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம் வரை உப்புநீரை அமுக்கி வைக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறி வரும்! இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வரும். மீஞ்சூர் வட்டாரத்தில் 1969இல் கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்புநீர், பிற்பாடு இன்னும் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

“கடல் எங்கே, நாம எங்கே? அது நம்ம ஊட்டு வாசலுக்கா வரப்போவுது?” என்று ஆயா சிரிப்பார்கள். கடல் வாசல் வழியாக வரவில்லை. கிணற்றின் அடிவழியாக வந்தது. 1990களில் கிணற்று நீர் மெல்லக் கரித்தது. தென்னை ஓலையின் நுனி கருகியது. நாற்று பழுத்தது. அப்பா இன்னும் ஆழமாக ஆழ்குழாய் போட்டார். சில ஆண்டு நல்ல தண்ணீர் வந்தது.

பிறகு 2003, 2004 வறட்சி. புழல் ஏரி வறண்டது. சென்னையே குடத்தோடு தெருவில் நின்றது. எங்கள் வட்டாரத்தில் பல விவசாயிகள் பயிர் வைப்பதை விட்டுத் தண்ணீரை விற்றார்கள். நாங்களும் விற்றோம். ஆம், நாங்களும்தான். லாரி வந்து நிற்கும்; குழாய் நீட்டுவோம்; கையில் ரொக்கம் வரும். நெல் தராத பணத்தைத் தண்ணீர் தந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று அந்தப் பணத்தில்தான் நடந்தது. சில மாதங்களுக்குள் ஆழ்குழாயும் கரித்தது. லாரிக்காரர் வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்பிவிட்டு, வேறு ஊருக்கு வண்டியைத் திருப்பினார். அதன்பின் நிலத்தில் சீமைக்கருவேலம் முளைத்தது. நாங்கள் ஊருக்குப் போவதும் குறைந்தது.

எங்கள் கிணறு கெட்டதற்கு யார்மீதும் வழக்குப் போட நாங்கள் இங்கே வரவில்லை. பானையில் விழுந்த அகப்பைகளில் எங்களுடையதும் ஒன்று.

பங்குனியில் ஒரு பயணம்

அப்பா 2019இல் இறந்தார். 2020 மார்ச்சில் ஆண்டு நினைவுக்காக ஊருக்குப் போனோம். மூன்று நாளில் திரும்புவதாகத் திட்டம். உண்மையைச் சொன்னால், நினைவுத் திருப்பலி ஒரு காரணம். நிலத்தை விற்பது மற்றொரு காரணம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வருகிறது, மனைக்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஒரு தரகர் நடந்துகொண்டிருந்தார். அம்பத்தூரில் இருக்கும் எங்கள் தம்பி, “உப்பு பூத்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கொரு கடனாவது அடையும்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அவருக்குக் கடன் இருந்தது.

மார்ச் 24ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். ரயில் இல்லை, பேருந்து இல்லை. தரகரும் வரவில்லை. அம்மாவும் நாங்களும் அந்த ஓட்டு வீட்டில் தங்கிவிட்டோம். அரிசி இருந்தது, காய்கறி இல்லை. பக்கத்து நிலத்துப் பெரியவர் வேலியோரம் வந்து நின்று, “சும்மா குந்தியிருக்கறதுக்கு அஞ்சு சென்ட்டுல கீரை போடுங்களேன். விதை நான் தரேன்” என்றார்.

“தண்ணிக்கு எங்கே போறது, பெரியவரே? ஆழ்குழாய் உப்பாச்சே.”

“ஆழ்குழாய ஏன் பாக்கறே தம்பி? உங்க தாத்தா வெட்டின கிணறு இருக்குதே. அதை எட்டிப் பாத்தியா?”

பதினைந்து ஆண்டுகளாக யாரும் தொடாத கிணறு அது. புதர் மண்டிக் கிடந்தது. இரண்டு நாள் வெட்டிச் சுத்தம் செய்து, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். மேல்மட்டத்துத் தண்ணீரை மட்டும் மொண்டு எடுத்தோம். அம்மா உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தார்கள். நாங்கள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். “கரிக்கலை” என்றார்கள்.

அழுகை வந்தது என்று சொன்னால் மிகையென்று நினைப்பீர்கள். ஆனால் வந்தது. பதினைந்து வருடமாக நாம் திரும்பிப் பாராத நிலம், விழுந்த மழையை நமக்காகச் சேர்த்து வைத்திருந்தது. பெரியவர் உடனே எச்சரித்தார். “மோட்டார் போட்டீங்கன்னா ரெண்டே நாள்ல அடியில இருக்கற உப்பு மேல வந்துடும். மேலாக மொண்டுக்கோங்க. காலையில கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம்.” நாற்பதடிக் கணக்கை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து சென்ட் கற்றுக்கொடுத்தது

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை விதைத்தோம். எங்களுக்கு ஆலைச் சங்கு தெரியும். பாத்தி கட்டத் தெரியாது. வரிசையாக மேடு போட்டு, மேட்டின் உச்சியில் விதையை ஊன்றினோம். பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் கருகியது. மேட்டின் தலையில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. தொட்டு நக்கினால் உப்பு!

பெரியவர் சொல்லித் தந்தார். வெயிலில் ஈரம் மேட்டின் உச்சிக்கு ஏறி ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆகவே உவர் நிலத்தில் உச்சியில் ஊன்றக் கூடாது. மேட்டின் சரிவில், தண்ணீர் தொடும் இடத்துக்குச் சற்று மேலே ஊன்ற வேண்டும். அப்படிச் செய்தோம். பிழைத்தது. அவர் கழனியில் நவரை அறுத்த வைக்கோலைக் கேட்டு வாங்கிச் செடியடியில் மூடாக்குப் போட்டோம். மண் காயவில்லை, உப்பும் மேலே ஏறவில்லை. பூசணிக்கும் பீர்க்குக்கும் பழைய மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்து நீர் ஊற்றி மூடி வைத்தோம். பானை கசியும் ஈரத்தை வேர் தேடி வந்து குடித்தது. ஒரு குடம் தண்ணீர் இரண்டு மூன்று நாள் தாங்கியது.

அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி உயிர்ப்புப் பெருவிழா. ஆலயங்கள் பூட்டியிருந்தன. அம்மா அன்று முதல் கட்டுக் கீரையைப் பறித்து, வாசலில் வைத்து, சிலுவை வரைந்துகொண்டார்கள். அதுவே எங்கள் விழா.

சித்திரை பிறந்தது. கோடை மழை ஒன்று பெய்தது. “சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்” என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் அப்போதுதான் தெரிந்தது. கோடை உழவு செய்த நிலம் அடுத்த மழையை ஓடவிடாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் வெயிலிலும் பறவை வாயிலும் அழியும். கோரை வேர் காயும். இதெல்லாம் நம் வசந்த காலத்து வேலை. கருவேலத்தை வேரோடு பிடுங்கி, பெரியவரின் மகனுடைய டிராக்டரால் ஒன்றரை ஏக்கரைச் சரிவுக்குக் குறுக்கே உழுதோம்.

ஒரு சின்னக் கணக்கு

ஊரடங்கு நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். பிள்ளைகளும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 40,000 லிட்டர். எங்கள் பக்கம் ஆண்டு மழை சுமார் 120 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ஏக்கரில் ஓராண்டில் விழுவது 48 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக்கு நானூறு நடை!

2019 கோடையில் சென்னை தவித்தது நினைவிருக்கிறதா? அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நாமெல்லாம் வியந்து பேசினோம். அதே அளவில் கிட்டத்தட்ட இரண்டு ரயில் தண்ணீர், ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஒரு ஏக்கரில் வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கால்வாயில் ஓடவிட்டுவிட்டு, பூமியின் அடியில் இருந்ததைச் சுரண்டி விற்றோம். எவ்வளவு விற்றோம் என்பது எங்களுக்கு நினைவிருந்தது. எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம் என்று யோசித்தோம். ஒரு வாளிகூட இல்லை.

அன்று நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது பிறகு. முதலில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்போம்.

திருப்பிக் கொடுத்த விதம்

ஆடிக்கு முன் நிலத்தின் தாழ்ந்த மூலையில் முப்பதடி நீளம், முப்பதடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். ஒரு நிறைவுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும். நிரம்பி வழிவதை நேரே கிணற்றில் விடவில்லை. வண்டல் தங்க ஒரு தொட்டி. அதையடுத்து கருங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கிய ஒரு வடிகட்டும் குழி. அதன் பிறகே கிணறு. கலங்கல் நீரையும் மருந்தடித்த வயல் நீரையும் கிணற்றில் விட்டால் நன்மைக்குப் பதில் தீமையே வரும். இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வரப்பை ஓரடி உயர்த்தினோம். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதோம். உவரைத் தாங்கி வளர்ந்து மண்ணுக்குத் தழையாகும் செடி அது.

திருவள்ளூர் அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே போய்க் கேட்டோம். உவரைத் தாங்கும் நெல் ரகங்களில் கோ 43 ஒன்று என்று சொன்னார்கள். ஒரு ஏக்கரில் சம்பாவுக்கு அதை நட்டோம். 2021 தைப் பொங்கலுக்கு எங்கள் கழனியில் பதினாறு ஆண்டுக்குப் பிறகு நெல் வந்தது. விளைச்சல் பெரிது என்று சொல்ல மாட்டோம். பக்கத்துக் கழனிகளைவிடக் குறைவு. கூலியும் உழவும் போகக் கையில் நின்றது கொஞ்சம். ஆனால் அந்தப் புத்தரிசிப் பொங்கலுக்கு எங்கள் தம்பியும் பிள்ளைகளோடு வந்தார்.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். தம்பியின் கடன் பொங்கலால் தீரவில்லை. மூவரும் உட்கார்ந்து பேசினோம். சாலையோரத்து அரை ஏக்கரை விற்று அவர் கடனை அடைத்தோம். மீதி இரண்டு ஏக்கரை, கிணறோடு, பிரிக்காமல் வைத்திருக்கிறோம். அது தோல்வியா, வெற்றியா என்று கேட்காதீர்கள். குடும்பமும் நிலமும் சேர்ந்து பிழைக்க வேண்டுமானால் சில நேரம் இரண்டும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கிணறு என்ன ஆயிற்று? அது முழுவதும் இனித்துவிட்டது என்று சொன்னால் பொய். கார்த்திகை, மார்கழியில் வாயில் வைத்தால் இளநீர். சித்திரை முற்றும்போது அடித்தண்ணீர் இன்னமும் கரிக்கிறது. முன்பு பங்குனியிலேயே கரித்தது, இப்போது ஒரு மாதம் தள்ளிக் கரிக்கிறது. ஐம்பது ஆண்டு எடுத்ததை ஐந்தாறு மழையில் திருப்பிவிட முடியுமா? எங்கள் ஒரு கிணற்றால் கடல் பின்வாங்காது என்பதும் தெரியும். வல்லூர், தாமரைப்பாக்கம் அணைக்கட்டுகள், ஆரணி ஆற்றில் பாலேஸ்வரம் தடுப்பணை ஆகியவற்றில் தேங்கும் நீர்தான் பெரிய அளவில் ஊறுகிறது. இப்போது மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். பூமியின் மேலுள்ள பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது. நம் பங்கு சிறியது. ஆனால் எடுத்ததில் நமக்குப் பங்கு இருந்ததே, கொடுப்பதிலும் இருக்க வேண்டாமா?

பங்கு மக்களுக்குச் சில வார்த்தைகள்

முதலாவது: உங்களில் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருக்கிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போகிறோம். இனி மாசி, பங்குனியில் ஒருமுறை போய் வாருங்கள். பத்திரத்தைப் பார்க்கும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள். தரகரோடு பேசும் முன் பக்கத்து நிலத்துப் பெரியவரோடு பேசுங்கள்.

இரண்டாவது: பெரிதாகத் தொடங்காதீர்கள். எங்களுக்கு ஐந்து சென்ட் கற்றுத்தந்ததை இரண்டு ஏக்கர் கற்றுத்தந்திருக்காது. கோடையில் உழுது வையுங்கள்; மூடாக்குப் போடுங்கள்; ஆடிப்பட்டம் தேடி விதையுங்கள்.

மூன்றாவது: நிலம் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். மாத்தூரில் ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி உள்ள வீட்டின் மேல் ஓராண்டில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மழை விழுகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழகத்தில் 2003இல் கட்டாயமாக்கினார்கள். அன்று அவசரமாகப் போட்ட குழாயில் இன்று அணில் கூடு கட்டியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் முழங்காலளவு நின்ற தண்ணீரும், அதே நாளில் எங்கள் கிணற்றை நிரப்பிய தண்ணீரும் ஒரே மழைதான். இறங்க வழி விட்டால் வரம், விடாவிட்டால் வெள்ளம். மாடியில் நாலு தொட்டியில் கீரை போட்டால் பிள்ளைகளுக்கு அரிசி மரத்தில் காய்ப்பதில்லை என்றாவது தெரியும்.

நான்காவது, இளைஞர்களுக்கு: உங்கள் பாட்டன் பாட்டி உயிரோடு இருந்தால், நிலத்தின் எல்லை எது, எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தப் பட்டத்துக்கு எது விளையும் என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் தாத்தாவின் ஏற்றப்பாட்டை நாங்கள் எழுதி வைக்கவில்லை. அப்பாவோடு அது போய்விட்டது. கிணறு கொஞ்சம் திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை.

எங்களை வாழவைத்தது மாத்தூர்தான். ஆலைச் சம்பளத்தில்தான் படித்தோம். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஏர் பிடியுங்கள் என்று சொல்லவில்லை. நாங்களே சனி, ஞாயிறுகளில்தான் போகிறோம். ஐம்பதாம் ஆண்டில் நிலத்துக்குத் திரும்பு என்று அந்தப் பழைய சட்டம் சொன்னது, திரும்பி அங்கேயே இருந்துவிட அல்லாவிட்டாலும், அதற்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று கணக்குப் பார்க்கவாவது இருக்கலாம் என்று நாங்கள் எண்ணிக்கொள்கிறோம்.

வாசலில் ஒரு கூடை வைத்திருக்கிறோம். அதில் எங்கள் கழனியில் எடுத்த தண்டுக்கீரை, கொத்தவரை, வெண்டை விதைகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் எங்கள் அம்மா. விலை கிடையாது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விளைந்தால் ஒரு பிடி விதையை அடுத்த ஆண்டு அதே கூடையில் திருப்பிப் போட்டுவிடுங்கள். அது போதும்.